அந்தப் பிள்ளைகிட்ட கேட்டியா தம்பி?



கடந்த பங்குனி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திண்ணையில் உட்கார்ந்து வருஷத்துக்கான புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். சின்னமனூரிலிருந்து என் தம்பி வந்தான். வந்ததும் வராததுமாக, "அக்கா, சாப்பாடு இருக்கா?" என்று கேட்கிறவன், அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை நீட்டினான்.

"இதைப் பாருக்கா."

பார்த்தேன். ஏதோ பெரிய ஊர், பெரிய கடை வளாகம். நடுவில் ஒரு பையன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மோதிரப் பெட்டியைத் திறந்து நீட்டிக்கொண்டிருக்கிறான். எதிரே ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். சுற்றிலும் கூட்டம், கைதட்டல், விசில். எல்லார் கையிலும் போன்.

"நல்லாத்தான் இருக்கு. அதுக்கென்ன இப்போ?" என்றேன்.

"நானும் இப்படித்தான் கேக்கப் போறேன்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தம்பி தேனியில் டிராக்டர் உதிரி பாகக் கடையில் வேலை பார்க்கிறான். அதே பஸ்ஸில் ஒரு பெண் தேனிக்கு மருந்துக் கடை வேலைக்குப் போகிறாள். இரண்டு வருஷமாகப் பழக்கம். பஸ்ஸில் பேச்சு, போனில் பேச்சு. கல்யாணத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறந்ததில்லையாம். "ஆனா அவளுக்கும் பிடிக்கும்கா. தெரியும்ல?" என்றான்.

திட்டமெல்லாம் தயார். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. எட்டு நாளும் கம்பம் பள்ளத்தாக்கே முல்லையாற்றங்கரையில் கூடிவிடும். அங்கே ராட்டினத்துக்கு முன்னால், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் முழங்கால் போட்டு மோதிரம் நீட்டுவானாம். கூட்டாளிகள் நாலு பேர் வீடியோ எடுப்பார்களாம். அவள் கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, காரணம் சொல்லாமல் அவளை அங்கே கூட்டி வந்துவிடுவாளாம். அரைப் பவுன் மோதிரத்துக்கு நகைக் கடையில் சீட்டுகூட கட்டி முடித்திருந்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "அவ வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டாக்கா."

"சொன்னா?"

"அத்தனை பேர் முன்னாடி எப்படிக்கா சொல்லுவா?"

சொன்ன பிறகு அவனுக்கே முகம் மாறிவிட்டது. நானும் புளியைக் கீழே வைத்துவிட்டேன். 'வேணாம்' என்று சொல்ல முடியாத இடமாகப் பார்த்துக் கூட்டி வந்து கேட்டால், அது கேட்டதாக ஆகுமா, தோழியரே?

இதில் எனக்கென்ன இத்தனை அக்கறை என்று நினைப்பீர்கள். என் கதையும் கொஞ்சம் இருக்கிறது.

எனக்குப் பத்தொன்பது வயதில் 'பொண்ணு கேட்டு' வந்தார்கள். ஒற்றைப்படையாக ஐந்து பேர். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம். கூடத்தில் பெரியவர்கள் பேச்சு. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் காபி டம்ளர்களோடு நின்றிருந்தேன். அன்றைக்கு யார் யாரிடம் சம்மதம் கேட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். என் அப்பாவிடம் கேட்டார்கள். தாய்மாமனிடம் கேட்டார்கள், அவர் வாய் திறக்காமல் எதுவும் நடக்காது. அப்பத்தாவிடம் கேட்டார்கள். ஜோசியரிடம் கேட்டார்கள். குலசாமி கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு அம்மனிடம் கேட்டார்கள். பேச்சு நடுவில் சுவரில் பல்லி ஒன்று சத்தம் போட, "பாத்தீகளா, பல்லியும் சொல்லிருச்சு" என்று சிரித்தார்கள். பல்லியிடம்கூடக் கேட்டாயிற்று. என்னிடம் யாரும் கேட்கவில்லை!

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அமைந்தவர் நல்லவர். ஆனாலும் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றது மனசில் ஒரு மூலையில் கிடந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, கரண்ட் போன ஒரு ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். "ஒரு வார்த்தை, உனக்குச் சம்மதமான்னு யாராச்சும் கேட்டிருக்கலாம்ங்க" என்றேன். இவர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம், "என்னைய மட்டும் யாரு கேட்டா? நான் வயல்ல தண்ணி பாய்ச்சிட்டு வந்தேன். பேசி முடிச்சாச்சு, சட்டை மாத்துன்னு எங்கம்மா சொன்னாங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பத்து வருஷமாக அவரிடம் கேட்டார்கள், என்னிடம் கேட்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று. நம் பெரியவர்களின் பழக்கத்தில் ஒரு நல்ல விஷயமும் இருந்ததைச் சொல்ல வேண்டும். பெண் கேட்டு யாரும் எடுத்த எடுப்பில் வந்துவிட மாட்டார்கள். இரு வீட்டுக்கும் பொதுவான ஒருத்தர் முதலில் வந்து, வேறு எதையோ பேசுகிற மாதிரி பேச்சு விட்டுப் பார்ப்பார். பெண் வீட்டுக்கு இஷ்டமில்லை என்றால், "ஜாதகம் பொருந்தலைங்க", "சாமி உத்தரவு வரலை", "பிள்ளைக்கு இப்ப யோகம் இல்லையாம்" என்பார்கள். இரண்டு தரப்புக்கும் உண்மை தெரியும். ஆனாலும் யாருக்கும் முகம் வாடாது. மறுநாள் சந்தையில் பார்த்தால் "என்ன மாமா, சௌக்கியமா?" என்று பேசிக்கொள்வார்கள். அதாவது 'இல்லை' என்று சொல்ல ஒரு கௌரவமான வழி வைத்திருந்தார்கள். அந்த வழி குடும்பத்துக்கு இருந்தது, பெண்ணுக்கு இல்லை. அதுதான் குறை. தம்பியின் ராட்டினத் திட்டத்திலோ யாருக்குமே அந்த வழி இல்லை.

நம் பள்ளத்தாக்கிலேயே, பெண்ணைக் கேட்காமல் கல்யாணம் செய்யாத அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நிக்காஹ் நடக்கும்போது மணப்பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுத்தான் ஒப்பந்தம் எழுதுவார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மஹர் எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். ராயப்பன்பட்டி பக்கம் தேவாலயக் கல்யாணத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். சாமியார் எல்லார் காதிலும் விழும்படி மாப்பிள்ளையிடமும் பெண்ணிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்பார். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னால்தான் மேற்கொண்டு நடக்கும்.

நமக்கும் சட்டத்தில் அப்படி ஒரு முறை இருக்கிறது. 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாட்டுக்காகச் சேர்த்தார்கள். அதுதான் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. உற்றார் அல்லது நண்பர்கள் முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில், இவரை நான் கணவராக ஏற்கிறேன், இவளை நான் மனைவியாக ஏற்கிறேன் என்று இருவரும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலி கட்டலாம். புரோகிதர் கட்டாயமில்லை.

1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. மிரட்டியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கி நடந்த கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றம் போகலாம். மிரட்டல் நின்ற, அல்லது ஏமாற்று தெரிந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆக, பெண்ணின் சம்மதம் என்பது காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதல்ல. சட்டமே அதைத் தனியாக எண்ணுகிறது.

இதையெல்லாம் கேட்ட தம்பி, "நீ சொல்றது பெரியவங்க பாத்து முடிக்கிற கல்யாணம்கா. நான் அவகிட்டயே நேரா கேக்கத்தானே போறேன்? எல்லாரையும் வச்சுக் கேட்டா அவளுக்குத்தானே பெருமை?" என்றான்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்ப் பாடம் ஞாபகம் வந்தது. சங்க காலத்தில் 'மடலேறுதல்' என்று ஒன்று இருந்ததே! காதலித்த பெண் கிடைக்காத ஆண், பனை மட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவள் படத்தையும் ஏந்தி ஊர் நடுத்தெருவில் வருவான். ஊரே கூடிப் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்து பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள். திருக்குறளில்கூட, நாணுத்துறவுரைத்தல் என்ற அதிகாரத்தில் மடலேறுவதைப் பற்றி வருகிறது. ஆணுக்கு அது காதல் வேகம். ஊர் வாயில் விழுந்த பெண்ணின் நிலைமை என்ன? ராட்டினமும் செல்போனும் வந்துவிட்டன, ஆனால் பனை மட்டைக் குதிரை இன்னும் போகவில்லை என்றேன். தம்பி சிரித்துவிட்டான்.

நம் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற 'வள்ளி திருமணம்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. தினைப்புனம் காக்கிற வள்ளி, வேடனாக வந்த முருகனுக்குப் பதிலுக்குப் பதில் பேசுகிற கட்டத்துக்குத்தான் பெண்கள் தூங்காமல் காத்திருப்பார்கள். வந்திருப்பது சாமி என்றாலும் அவள் தன் மனசைப் பேசுகிறாள். கடைசியில் பிள்ளையார் யானையாக வந்து பயமுறுத்திய பிறகுதான் காரியம் நடக்கிறது. அது சாமி விளையாட்டு. மனுஷர் விஷயத்தில் யானையை விட்டுச் சம்மதம் வாங்குவது சரியில்லை. கூட்டமும் ஒரு யானைதான்.

இந்த முழங்கால் போடுகிற பழக்கம் மேல்நாட்டுப் படங்களில் இருந்து நமக்கு வந்தது. வைர மோதிரம் அதோடு சேர்ந்ததில் வியாபாரமும் உண்டு. வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்று டி பியர்ஸ் வைரக் கம்பெனி 1947-ல் தொடங்கிய விளம்பர வாசகம் உலகம் பூரா பரவியது. அயர்லாந்தில் வேறொரு பழக்கம் சொல்வார்கள். லீப் வருஷத்து பிப்ரவரி 29-ம் தேதி பெண்ணே ஆணிடம் கல்யாணம் கேட்கலாமாம். நாலு வருஷத்துக்கு ஒரு நாள்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. மனசுக்குப் பிடித்தவனிடம் நம் பெண்களும் நேராகக் கேட்கலாம், தப்பில்லை. யார் கேட்டாலும் முறை ஒன்றுதான். எதிராளி 'இல்லை' என்று சொல்ல இடம் விட்டுக் கேட்க வேண்டும்.

'இல்லை' என்று சொல்ல நம் பெண் பிள்ளைகள் ஏன் பயப்படுகிறார்கள் என்பதையும் தம்பியிடம் சொன்னேன். 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில், கல்லூரி மாணவி ஒருத்தியை ஒருவன் ஓடும் ரயிலுக்கு முன்னால் தள்ளிவிட்டதை மறக்க முடியுமா? இதையெல்லாம் படித்து வளர்கிற பிள்ளை, எதிரே நிற்பவன் நல்லவனா கெட்டவனா என்று யோசித்துக்கொண்டா இருப்பாள்? அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் போதும் என்று தலையாட்டிவிடுவாள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பெரிய தப்பு. வேண்டாம் என்ற பிறகும் பின்னாலேயே சுற்றுவது 2013 முதலே சட்டப்படி குற்றம். 2024 ஜூலையில் வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-வது பிரிவு. முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறை உண்டு. இப்படித் தொந்தரவு வந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். வீட்டில் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.

தம்பிக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மாமன் மகன் ஒருவன் உண்டு. பிறந்தபோதே "இவ அவனுக்குத்தான்" என்று சொல்லி வைத்த உரிமைப் பொண்ணு அவள். நம் பக்கம் அந்த உரிமை என்றால் சும்மா இல்லை என்று உங்களுக்குத் தெரியும். விசாரித்துப் பார்த்ததில் இது தெரிந்ததும் தம்பி ஆடிப் போய்விட்டான். 'திருவிழா வேண்டாம்' என்று அவனே சொன்னான்.

அதன் பிறகு அக்காவும் தம்பியும் உட்கார்ந்து வேறு திட்டம் போட்டோம். உங்கள் வீட்டுப் பையனுக்கோ பெண்ணுக்கோ உதவும் என்பதால் அதை எழுதுகிறேன்.

முதலாவது, அவளுக்குத் தெரியாமல் எதுவும் இல்லை. என்ன பேசப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "உங்ககிட்ட கல்யாணப் பேச்சு பேசணும். இஷ்டம்னா வாங்க. வேணாம்னா சொல்லிடுங்க, நான் மறுபடி கேக்க மாட்டேன்" என்று போனில் சொல்லச் சொன்னேன்.

இரண்டாவது, இடம். மேகமலை, சுருளி என்று ஆளில்லாத இடத்துக்குக் கூப்பிடக் கூடாது. அவள் வேலை பார்க்கிற கடைத் தெருவும் கூடாது. நாலு பேர் நடமாடுகிற, ஆனால் தெரிந்தவர்கள் சுற்றி நிற்காத இடம் வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அவள் எழுந்து தானே பஸ் ஏறிப் போக முடிய வேண்டும். தேனி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிபன் கடை என்று முடிவானது.

மூன்றாவது, போனும் வேண்டாம், கூட்டாளியும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம். மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், பாவம், காசு போட்டு வாங்கிவிட்டானே என்று தோன்றும்.

நாலாவது, கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். தம்பிக்குச் சம்பளம் 15,000 ரூபாய். அப்பா ஆபரேஷனுக்கு வாங்கியதில் இன்னும் 80,000 கடன். கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா அவனோடுதான் இருப்பார். இதை அவள் கல்யாணமாகி மூன்றாம் மாசம் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஐந்தாவது, "நீ இல்லேன்னா செத்துருவேன்" என்கிற பேச்சே கூடாது. அது மிரட்டல்.

ஆறாவது, பதிலை அங்கேயே கேட்கக் கூடாது. 'இல்லை' என்று வந்தால் அதோடு முடிந்தது. தூது விடுவது, தோழியைப் பிடிப்பது, அழுவது எல்லாம் கூடாது.

வைகாசியில் ஒரு நாள், அவள் லீவு நாளில், தம்பி கேட்டான். காபியும் வடையும் வாங்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னானாம். கைதான் நடுங்கியதாம். அவள் கேட்டுவிட்டு, "எனக்குப் பதினஞ்சு நாள் வேணும்" என்றாளாம். இவன், "ஒரு மாசம்கூட எடுத்துக்கங்க. அதுவரைக்கும் நான் முந்தின பஸ்ல போயிக்கிறேன். தெனமும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நீங்க யோசிக்க வேணாம்" என்றானாம். இது நான் சொல்லிக் கொடுத்ததில்லை. என் தம்பிக்குத் தானாகவே தோன்றியது. அதை அவன் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், பின்னால் கல்யாணம் நிச்சயமானபோதுகூட வரவில்லை!

பதினைந்து நாள் போனது. பதிலில்லை. தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. "போன் பண்ணிக் கேக்கட்டுமாக்கா?" என்றான். கூடாது என்றேன். பத்தொன்பதாம் நாள் காலை, ஏழு மணி பஸ்ஸில் ஏறியிருக்கிறான். முன் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் வருகிற பஸ்ஸைத் தேடி அவளே வந்திருந்தாள்.

தேனியில் இறங்கியதும், "எனக்குச் சம்மதம்" என்றாளாம். கூடவே சொன்ன மூன்று விஷயங்களையும் தம்பி எனக்கு வரிசையாக ஒப்பித்தான். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாள். தம்பி வீட்டில் இருந்து பவுன் கணக்கு, சீர்க் கணக்கு யாரும் பேசக் கூடாது (வரதட்சணை தடுப்புச் சட்டம் 1961-லேயே வந்தும், நாம் இன்னும் இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது!). மூன்றாவது, மாமனிடம் முதலில் அவள்தான் பேசுவாள். அதற்கு முன் யாரும் பெண் கேட்டு வரக் கூடாது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போனாள். மாமன் சத்தம் போட்டார். இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. ஆனால் வேறு யார் வாயிலிருந்தும் கேள்விப்படாமல், தங்கச்சி மகள் தன்னிடமே வந்து நின்று சொன்னது அவர் மனசில் நின்றிருக்கிறது. மாமன் மகனும் தனக்கு வேறு எண்ணம் இருப்பதாகச் சொல்லிவிட்டானாம். அவனையும் இதுவரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது!

எல்லார் வீட்டிலும் இப்படிச் சுமுகமாக முடியாது என்பது எனக்குத் தெரியும். அதுவும் வேறு வேறு சாதி என்றால் நம் பக்கம் உயிருக்கே ஆபத்து வரலாம். அப்படிப்பட்டவர்கள் கேட்பதற்கு முன்பே பாதுகாப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்ய 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த 30 நாள்தான் பயம் நிறைந்த நாள். இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு கொடுக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டது. பயம் இருப்பவர்கள் தயங்காமல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் பாதுகாப்பு கேட்கலாம்.

ஆவணியில் பரிசம் போட்டோம். அன்றைக்குப் பெண்ணுக்குப் பூ வைக்கிற உரிமை அக்காவாகிய எனக்கு. கூடத்தில் சனம் நிறைந்திருந்தது. பூச்சரத்தைக் கையில் எடுத்தேன். வைக்கவில்லை.

"தாயி, எல்லார் முன்னாடியும் கேக்குறேன்னு நினைக்காதே. உன் பதில் எனக்கு முன்னாடியே தெரியும். பெரியவங்க காதுலயும் ஒரு தடவை விழட்டும்னு கேக்குறேன். உனக்குச் சம்மதம்தானே?" என்றேன்.

"சம்மதம் மதினி" என்றாள் தெளிவாக. தம்பியிடமும் கேட்டேன். அவனும் சொன்னான்.

"இதென்னடி புதுப் பழக்கம்? பேசி முடிச்ச பெறகு என்னத்தக் கேள்வி?" என்று எங்கள் அப்பத்தா முணுமுணுத்தது. சாப்பாடு முடிந்து வெற்றிலை மடித்துக் கொடுக்கும்போது, அதே அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பதினாலு வயசுத்தா அப்ப. புதுச்சீலை கட்டிவிட்டாக. திருவிழாவுக்குத்தான் கூட்டிட்டுப் போறாகன்னு நெனச்சேன்" என்றது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் என்னிடம் தனியாகப் பேசினாள். வீரபாண்டித் திட்டத்தைத் தம்பி சொல்லிவிட்டானாம். "நல்லவேளை மதினி. அன்னைக்கு எங்க மாமா வீட்டு ஆளுக அக்கினிச் சட்டி எடுத்தாக. எல்லாரும் அங்கிட்டுத்தான் நின்னாக. அந்த வீடியோ மட்டும் வந்திருந்தா மறுநாளே என்னைய வேலைக்குப் போக விட்டுருக்க மாட்டாக. பதில் சொல்றதுக்குக்கூட நான் வெளிய வந்திருக்க முடியாது" என்றாள். பதினைந்து நாள் ஏன் பத்தொன்பது ஆனது என்றும் கேட்டேன். "மனசுல அன்னைக்கே சம்மதம்தான். ஆனா யோசிக்காம சொல்லிட்டு வந்திருந்தா, எங்கம்மா அழுதப்ப எனக்குப் பேச வாய் வந்திருக்காது" என்றாள்.

கல்யாணம் தை மாசம். மோதிரத்தைத் தம்பி அப்போது போடுவான்.

தோழியரே, நம் வீட்டிலும் ஒரு நாள் வெற்றிலைத் தட்டு வரும். அதற்கு முதல் நாள் ராத்திரி, மகளையும் மகனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமா? இல்லைன்னாலும் பரவாயில்லை, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். அதைச் சொல்லாமல் கேட்டால், பதில் என்னவென்று நமக்கு முன்பே தெரியும். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றவர்கள்தானே நாமும்?

- ஒரு வாசகி,
சின்னமனூர் அருகில், தேனி மாவட்டம்.